ஹனுக்கா: லேவியராகமத்தில் இல்லாத பண்டிகைக்கு எட்டு நாள் எங்கிருந்து வந்தது?

#1 | தேடும்வாசகன்

யோவான் 10:22-ல் "பின்பு எருசலேமிலே தேவாலயப் பிரதிஷ்டைபண்டிகை வந்தது, மாரிகாலமுமாயிருந்தது" என்று இருக்கிறது. யூதர்கள் இன்று கொண்டாடும் ஹனுக்கா இதுதான் என்கிறார்கள். ஆனால் லேவியராகமம் 23-ல் பஸ்கா முதல் கூடாரப் பண்டிகை வரை வரிசையாக எண்ணிவிட்டார்கள், இது மட்டும் அதில் இல்லை. எண்ணாகமம் 28, 29-லும் தேடினேன், இல்லை.

கேள்வி இரண்டு. யார் கட்டளையிட்டது? ஏன் எட்டு நாள்? ஒரு நாளுக்கான எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்று பார்க்கும் இடமெல்லாம் போட்டிருக்கிறார்கள். அது எந்தப் புத்தகம், எந்த அதிகாரம் என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

#2 | மோதயின்

உங்கள் கையில் இருப்பது பழைய திருப்புதல் (புராட்டஸ்டண்ட் சபைகளின் தமிழ் வேதாகமம்). அதில் இது கிடைக்காது. கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியத்தை எடுத்து, இணைத்திருமுறை நூல்கள் பகுதியில் 1 மக்கபேயர் 4:36 முதல் 59 வரை படியுங்கள். யூதா மக்கபேயும் அவர் சகோதரர்களும் எருசலேம் கோவிலுக்குள் நுழையும்போது பலிபீடம் தீட்டுப்பட்டுக் கிடக்கிறது, வாயில்கள் எரிந்திருக்கின்றன, முற்றத்தில் செடி முளைத்துக் காடாகியிருக்கிறது.

பிறகு நடந்தவற்றின் வரிசையைக் கவனியுங்கள்:

- குற்றமற்ற குருக்களைத் தேர்ந்தெடுத்துத் தூயகத்தைச் சுத்தம் செய்கிறார்கள்.
- தீட்டுப்பட்ட பலிபீடத்தை என்ன செய்வது என்று யோசித்து, இடித்துவிடுகிறார்கள். கற்களை வீசி எறியவில்லை. ஓர் இறைவாக்கினர் வந்து முடிவு சொல்லும்வரை கோவில் மலையில் தகுந்த இடத்தில் எடுத்து வைக்கிறார்கள் (4:46).
- உளி படாத கற்களால் புதுப் பீடம் கட்டுகிறார்கள் (4:47). இது விடுதலைப் பயணம் (யாத்திராகமம்) 20:25-ன் சட்டம்.
- விளக்குத் தண்டு, தூபப் பீடம், அப்ப மேசை மூன்றையும் உள்ளே கொண்டுவருகிறார்கள். விளக்குகளை ஏற்றுகிறார்கள் (4:50).
- கிஸ்லேவு (யூத நாள்காட்டியின் ஒன்பதாம் மாதம்) 25 விடியற்காலையில் புதுப் பீடத்தில் பலி. எட்டு நாள் விழா.

4:59-ல்தான் உங்கள் முதல் கேள்விக்கு விடை இருக்கிறது. ஆண்டுதோறும் எட்டு நாள் கொண்டாட வேண்டும் என்று யூதாவும் அவர் சகோதரர்களும் சபையாரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். "ஆண்டவர் சொன்னார்" என்று அங்கே எழுதவில்லை.

எண்ணெய் அற்புதம் அந்த அதிகாரத்தில் கிடையாது. விளக்கை ஏற்றினார்கள் என்பதோடு சரி.

#3 | பெரோயாக்காரன்

மோதயின் சொன்னது வரலாறாகச் சரி. ஆனால் வேதாகமத்தில் ஒன்றுமே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தானியேல் 11:31, "அன்றாட பலியை நீக்கி, பாழாக்கும் அருவருப்பை" வைப்பார்கள் என்கிறது. அதற்கு முந்தைய வசனத்தில் கித்தீமின் (இங்கே ரோமரின்) கப்பல்கள் வருகின்றன. கி.மு. 168-ல் எகிப்தைப் பிடிக்கப்போன சிரியாவின் செலூக்கிய அரசன் நான்காம் அந்தியோகஸை அலெக்சாந்திரியாவுக்கு அருகில் ரோமத் தூதர் பொப்பிலியஸ் மறித்தார். அவனைச் சுற்றி மணலில் ஒரு வட்டம் கிழித்து, அதைத் தாண்டுமுன் பதில் சொல் என்றார். அவன் பின்வாங்கினான். திரும்பும் வழியில் அவன் கோபம் எருசலேமின்மேல் விழுந்ததாகத்தான் 11:30 சொல்கிறது.

தானியேல் 8:14-ன் 2300 இராப்பகலையும் சிலர் இதோடு சேர்ப்பார்கள். மாலைப் பலி, காலைப் பலி என்று தனித்தனியாக எண்ணினால் 1150 நாள் வரும். மூன்று ஆண்டு என்றால் ஏறக்குறைய 1095 நாள்தான். கணக்கு அச்சாகப் பொருந்தவில்லை. பொருந்துவதாக மேடையில் சொல்லுபவர்கள் எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள் என்று கேளுங்கள்.

#4 | வேர்ச்சொல்

சொல்லிலிருந்து தொடங்கினால் பாதிச் சிக்கல் தீரும். ஹனுக்கா என்றால் எபிரெயத்தில் "புதிதாகப் பயன்பாட்டுக்குத் திறந்து வைத்தல்". ஹ-ன்-க் என்பது வேர். வேதாகமத்தில் அது வரும் இடங்கள்:

உபாகமம் 20:5: புதுவீடு கட்டி அதைப் பிரதிஷ்டை பண்ணாதவன் போருக்குப் போகாமல் வீடு திரும்பலாம். (இன்றும் இஸ்ரேலில் புதுமனை புகுவிழாவுக்கு "ஹனுக்கத் பயித்" என்றுதான் பெயர்.)

எண்ணாகமம் 7:10, 11, 84, 88: பலிபீடத்தின் பிரதிஷ்டை. பன்னிரண்டு கோத்திரத் தலைவர்கள், பன்னிரண்டு நாள். தலைக்கு 130 சேக்கல் (பழைய எடை அளவு) எடையில் ஒரு வெள்ளித் தாலம், 70 சேக்கலில் ஒரு வெள்ளிக் கலம், 10 சேக்கலில் ஒரு பொன் கரண்டி. மொத்த வெள்ளி 2400 சேக்கல், பொன் 120.

நெகேமியா 12:27, எருசலேமின் அலங்கத்தின் (மதிலின்) பிரதிஷ்டை. சங்கீதம் 30-ன் தலைப்பிலும் இதே சொல்தான்.

நீதிமொழிகள் 22:6, "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து". அந்த "நடத்து"வும் இதே வேர். பழக்கிவிடுதல்.

ஆக இது வெற்றி விழாவின் பெயரல்ல, விளக்கு விழாவின் பெயரும் அல்ல. பீடத்தின் திறப்பு விழா. ஜெப ஆலயங்களில் இந்த எட்டு நாளும் வாசிப்பதும் எண்ணாகமம் 7-தான். நாளுக்கு ஒரு தலைவரின் காணிக்கை, எட்டாம் நாள் மட்டும் எட்டாம் தலைவரில் தொடங்கி மீதி எல்லாரையும் முடித்து 8:4 வரை போவார்கள். 8:1-4 எதைப் பற்றியது? குத்துவிளக்கு.

#5 | தேடும்வாசகன்

சொல் புரிந்தது. ஆனால் எண்ணாகமத்தில் பன்னிரண்டு நாள், இங்கே எட்டு. இன்னும் இடிக்கிறதே?

#6 | மோதயின்

இதற்கு 2 மக்கபேயர் 10:5-8 பாருங்கள். "கூடாரத் திருவிழாவைப் போல" எட்டு நாள் மகிழ்ந்தார்கள் என்கிறது. கையில் பசுங்கிளைகள், பேரீச்ச ஓலைகள். கொஞ்ச நாள் முன்பு கூடாரத் திருவிழாவின்போது மலைகளிலும் குகைகளிலும் விலங்குபோல் அலைந்ததை நினைத்துக்கொண்டார்கள் என்ற வரியும் அங்கேயே. அதே நூலின் முதல் அதிகாரத்தில் எகிப்து யூதர்களுக்குப் போன கடிதம், "கிஸ்லேவு மாதத்தின் கூடாரத் திருவிழா" என்றே இதைக் குறிக்கிறது (1:9).

கூடாரத் திருவிழா ஏழு நாள், கூடவே எட்டாம் நாள் சபை. தவறவிட்டதைப் பின்னால் கொண்டாடியதாக வைத்துக்கொண்டால் எட்டு வந்துவிடுகிறது.

#7 | வேர்ச்சொல்

அதோடு நிறுத்திவிட வேண்டாம். கூடாரப் பண்டிகையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? சாலொமோன் ஆலயத்தைத் திறந்ததே அந்த ஏழாம் மாதத்தில்தான் (1 இராஜாக்கள் 8:2). 2 நாளாகமம் 7:9 பலிபீடப் பிரதிஷ்டை ஏழு நாள், பண்டிகை ஏழு நாள் என்று பிரித்தே சொல்கிறது.

இன்னும் நெருக்கமானது 2 நாளாகமம் 29:17. யூதாவின் அரசர் ஆகாஸ் மூடிப்போட்ட ஆலயத்தை எசேக்கியா திறக்கிறார். முதல் மாதம் முதல் தேதி துப்புரவு தொடங்கி எட்டாம் தேதி மண்டபம் வரை வருகிறார்கள். பிறகு ஆலயத்தைப் பரிசுத்தம்பண்ண எட்டு நாள். பதினாறாம் தேதி முடிகிறது. தீட்டான ஆலயம், லேவியர், துப்புரவு, எட்டு நாள்: மக்கபேயருக்கு முன்மாதிரி கையிலேயே இருந்தது. லேவியராகமம் 8, 9-ல் ஆரோன் ஏழு நாள் வாசலில் காத்திருந்து எட்டாம் நாள் பலியிடுவதும், எசேக்கியேல் 43:26, 27-ல் பீடத்துக்கு ஏழு நாள், எட்டாம் நாள் முதல் வழக்கமான பலி என்பதும் இதே அச்சுதான்.

எண்ணெயில்லாமலே எட்டு நாள் நிற்கிறது. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வருகிறேன்.

#8 | பெரோயாக்காரன்

தேதிக்கும் ஒன்று சேர்க்கிறேன். ஆகாய் 2:18, 19: ஒன்பதாம் மாதம் 24-ம் தேதி, "இன்றுமுதல் உங்களை ஆசீர்வதிப்பேன்". கி.மு. 520. ஒன்பதாம் மாதம் கிஸ்லேவ். யூத நாள் சூரியன் மறையும்போது மாறும், ஆக 24 முடிகிற மாலைதான் 25-ன் தொடக்கம். அதே அதிகாரம் 11 முதல் 14 வரை ஆசாரியரிடம் கேட்பது என்ன? தீட்டு எப்படிப் பரவும் என்ற கேள்வி. லேவியராகமம் 23-ல் பண்டிகைகள் முடிந்த கையோடு 24:2-ல் "இடித்துப் பிழிந்த தெளிவான ஒலிவ எண்ணெய்" வருவதும் தற்செயலா?

#9 | வேர்ச்சொல்

ஆகாய் வரை வருகிறேன். லேவியராகமம் 24-க்கு வரமாட்டேன். அது அனுதின விளக்கின் சட்டம், யாத்திராகமம் 27:20-ன் மறுபதிப்பு. விளக்குக்குப் பிறகு சமுகத்தப்பம் வருகிறது, அதன் பிறகு தூஷணம் சொன்னவனின் வழக்கு வருகிறது. பக்கத்தில் இருப்பதெல்லாம் குறிப்பு என்றால் அந்த வழக்குக்கும் ஒரு பண்டிகை தேட வேண்டியிருக்கும். பின்னால் வந்த யூத விளக்கவுரையாளர்கள் இதை அழகாகச் சொல்வார்கள்தான். அது பண்டிகை வந்தபிறகு வசனத்தில் கண்ட அழகு.

#10 | கல்வெட்டு

ஆண்டுக் கணக்கில் பலர் தடுக்கி விழுவதால் ஒரு குறிப்பு. 1 மக்கபேயர் தரும் ஆண்டுகள் செலூக்கிய அரசின் ஆண்டுக் கணக்கு. 145, கிஸ்லேவு 15: பீடத்தின்மேல் அருவருப்பு எழுப்பப்பட்டது (1:54). அதே மாதம் 25: அதில் பலி (1:59). 148, கிஸ்லேவு 25: மறு அர்ப்பணிப்பு (4:52). தீட்டுப்படுத்திய அதே நாளில் என்று 4:54 வேண்டுமென்றே சொல்கிறது.

இதை கி.மு.வுக்கு மாற்றும்போதுதான் சிக்கல். மக்கெதோனியக் கணக்கு கி.மு. 312 இலையுதிர் காலத்தில் தொடங்குகிறது, பாபிலோனியக் கணக்கு 311 வசந்தத்தில். டிசம்பர் மாதம் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் சில நூல்களில் 165, பலவற்றில் 164. நான் 164 பக்கம்.

2 மக்கபேயர் 10:3 "இரண்டு ஆண்டு" என்கிறது, முதல் நூலில் மூன்று. அந்தியோகஸின் சாவும் அப்படியே: இரண்டாம் நூலில் சுத்திகரிப்புக்கு முன் (அதிகாரம் 9), முதல் நூலில் பின் (அதிகாரம் 6). லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள பாபிலோனிய ஆப்பெழுத்து அரசர் பட்டியல், அவன் சாவுச் செய்தி 148-ம் ஆண்டு கிஸ்லேவ் மாதம் வந்ததாகப் பதிந்திருக்கிறது. இரண்டும் அவ்வளவு அடுத்தடுத்து நடந்திருக்கின்றன. வரிசை குழம்பியதில் வியப்பில்லை.

மோதயின் சொன்ன கற்கள் பற்றியும் ஒரு சேதி. மிஷ்னா (ரபிமாரின் பழைய சட்டத் தொகுப்பு) என்ற நூலின் மித்தோத் 1:6, ஆலயத்தின் வடகிழக்கு அறை ஒன்றில் கிரேக்க அரசர்கள் தீட்டுப்படுத்திய பீடக் கற்களை அஸ்மோனியர் (மக்கபேயரின் குடும்பம்) சேமித்து வைத்ததாகச் சொல்கிறது. மக்கபேயர் நூலைத் திருமறையில் சேர்க்காத ரபிமார் மரபு, அதே சேதியைத் தன் வழியில் பாதுகாத்திருக்கிறது.

#11 | தேடும்வாசகன்

சரி, எண்ணெய்? யாருமே பதில் சொல்லாமல் நழுவுகிறீர்கள்.

#12 | ஷமாஷ்

பாபிலோனிய தல்மூத் (ரபிமாரின் விவாதத் தொகுப்பு), ஷபாத் 21பி. "ஹனுக்கா என்றால் என்ன?" என்று கேட்டுவிட்டு, தலைமைக் குருவின் முத்திரையுடன் ஒரே ஒரு குப்பி கிடைத்தது, ஒரு நாளுக்குத்தான் போதும், எட்டு நாள் எரிந்தது என்கிறது. நிகழ்வுக்கும் இந்தத் தொகுப்புக்கும் இடையே பல நூற்றாண்டுகள். கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் பண்டிகையை "ஒளிகள்" என்று அழைக்கிறார், ஆனால் காரணம் கேட்டால் எதிர்பாராத விடுதலை ஒளிபோல் தோன்றியதால் இருக்கும் என்று ஊகிக்கிறார். குப்பிக் கதை அவர் எழுத்தில் இல்லை. எட்டு நாளும் ஜெபத்தில் சேர்க்கும் "அல் ஹனிஸிம்" பகுதியிலும் இல்லை. அங்கே போர், சுத்திகரிப்பு, முற்றங்களில் விளக்கேற்றியது, அவ்வளவுதான்.

அளவு கேட்பவர்களுக்கு: ஆலய விளக்குக்கு ஓர் இரவுக்கு மூன்றரை லோக் (பழைய எபிரெய முகத்தலளவு) எண்ணெய், கிண்ணத்துக்கு அரை லோக், ஏழு கிண்ணம் (மிஷ்னா, மெனஹோத் 9:3). அரை லோக் என்பது ஏறக்குறைய 150 முதல் 170 மில்லி. குளிர்காலத்தின் நீண்ட இரவுக்கும் அதே அளவுதான். ஆக அந்தக் குப்பியில் ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமாக இருந்திருக்க வேண்டும். ஏன் எட்டு நாள் தாமதம்? தூய எண்ணெய் கொண்டுவரப் போக நான்கு நாள், வர நான்கு நாள் என்பது ஒரு விளக்கம். பிணத்தீட்டு நீங்க ஏழு நாள், எட்டாம் நாள் ஒலிவம் பிழியலாம் என்பது இன்னொன்று. எண்ணாகமம் 19-ன் ஏழு நாள் அது.

16-ம் நூற்றாண்டில் யூத சட்ட அறிஞர் யோசேப் காரோ கேட்ட கேள்வி இன்னும் சூடு ஆறவில்லை: ஒரு நாளுக்கு எண்ணெய் இருந்ததே, அப்படியானால் அற்புதம் ஏழு நாள்தானே?

இன்னொன்று. அந்த முதல் விளக்கு பொன் குத்துவிளக்கு என்று படம் போடுகிறார்கள். தல்மூத்தே அது ஈயம் பூசிய இரும்புக் கம்பிகளால் ஆனது, வசதி வந்தபின் வெள்ளி, அதன்பின் பொன் என்கிறது (மெனஹோத் 28பி).

#13 | மோதயின்

யோவான் 10-ஐ விட்டுவிட்டோம். இயேசு சாலமோன் மண்டபத்தில் உலாவுகிறார், பீடத்தை அர்ப்பணித்த விழா நடக்கிறது. அந்த இடத்தில் 10:36-ல் தந்தையால் அர்ப்பணிக்கப்பட்டு அனுப்பப்பட்டவர் நான் என்கிறார். அங்குள்ள கிரேக்க வினையைத்தான் எண்ணிக்கை (எண்ணாகமம்) 7:1-ல் மோசே பீடத்தைத் தூய்மைப்படுத்தியதற்கும் கிரேக்க மொழிபெயர்ப்பு ஆளுகிறது. யோவான் பண்டிகையின் பெயரை வெறும் பருவக் குறிப்பாகப் போடவில்லை.

#14 | பெரோயாக்காரன்

ஆமென். "மாரிகாலம்" என்ற பழைய திருப்புதலின் சொல்லும் அங்கே அருமை. எருசலேமில் குளிர்காலம்தான் மழைக்காலம். கூரையுள்ள மண்டபத்தில் ஏன் நடந்தார் என்பது அந்த ஒரு சொல்லில் விளங்கிவிடும். "குளிர்காலம்" என்று மாற்றியதில் அந்த மழை போய்விட்டது.

#15 | சுடர்

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதிரி விளக்கு ஒன்று செய்து காட்ட வேண்டும். ஏழு கிளையா, ஒன்பதா? ஏற்றும் முறையும் யாராவது சொல்லுங்களேன்.

#16 | ஷமாஷ்

ஏழு கிளை ஆலயத்துடையது (யாத்திராகமம் 25:31-40). அதை அச்சாக நகலெடுப்பதையே தல்மூத் தடுக்கிறது. வீட்டில் ஏற்றுவது ஹனுக்கியா: எட்டுச் சுடர், தனியே ஒரு ஏவல் சுடர். அந்த ஒன்பதாவதற்கு ஷமாஷ் என்று பெயர்.

மாதிரி செய்யும்போது நடக்கும் பிழைகள்:

எட்டும் ஒரே வரிசை, ஒரே உயரம். வட்டமாக வைக்கக் கூடாது, கிட்டக்கிட்ட வைத்தால் சுடர்கள் கூடித் தீவட்டியாகிவிடும், அப்போது ஒன்றாகக்கூட எண்ண மாட்டார்கள். ஷமாஷ் உயர்ந்தோ விலகியோ இருக்க வேண்டும், ஏனென்றால் எட்டின் வெளிச்சத்தில் படிக்கவோ வேலை செய்யவோ கூடாது. தற்செயலாகப் பயன்படுத்தினாலும் ஷமாஷின் வெளிச்சத்தில் செய்ததாக ஆகும்.

முதல் நாள் வலது ஓரத்தில் ஒன்று. நாளுக்கு ஒன்றாக இடப்பக்கம் சேர்ப்பார்கள். ஏற்றும்போது புதிதாக வைத்ததில் தொடங்கி இடமிருந்து வலம். முதல் இரவு மூன்று ஆசிகள், மற்ற இரவுகளில் இரண்டு. பழைய ரபிமார் பள்ளிகள் இரண்டில் ஷம்மாய் பள்ளி எட்டில் தொடங்கி ஒன்றாகக் குறைக்கச் சொன்னது. கூடாரப் பண்டிகையின் காளைகள் 13, 12, 11 என்று ஏழு வரை இறங்கி மொத்தம் 70 ஆவதுபோல (எண்ணாகமம் 29). பாருங்கள், கூடாரப் பண்டிகை இங்கேயும் எட்டிப் பார்க்கிறது. நிலைத்தது ஹில்லேல் பள்ளி: பரிசுத்தத்தில் ஏறலாம், இறங்கக் கூடாது.

இடம்: தெரு வாசலில், மெசுசாவுக்கு (வாசல் நிலையில் பொருத்தும் வேதவசனச் சுருள்) எதிர்ப்பக்கம் இடப்புறம். தரையிலிருந்து பத்துக் கையகலத்துக்குள் இருப்பது சிறப்பு. இருபது முழத்துக்கு மேல் வைத்தால் செல்லாது, கண் அங்கே போகாது. மாடியில் இருப்பவர் ஜன்னலில், ஆபத்துக் காலத்தில் மேசையில். தெருவில் வைப்பது எவ்வளவு பழைய வழக்கம் என்பதற்கு மிஷ்னாவின் பாபா காமா 6:6: சணல் ஏற்றிய ஒட்டகம் கடை விளக்கில் உரசித் தீப்பிடித்தால் யார் பொறுப்பு? விளக்கை வெளியே வைத்த கடைக்காரர். ரபி யூதா மட்டும், ஹனுக்கா விளக்கானால் அவர்மேல் பொறுப்பில்லை என்கிறார்.

இருட்டியபின் அரை மணி நேரமாவது எரியும் அளவு எண்ணெய் இருக்க வேண்டும். காற்றில்லாத இடத்தில் முறையாக ஏற்றி, பிறகு தானாக அணைந்தால் திரும்ப ஏற்றுவது கட்டாயமில்லை. முதலிலேயே எண்ணெய் போதாமல் ஏற்றியிருந்தால்தான் குறை.

எட்டு இரவுக்கு 36, ஷமாஷ் 8, ஆக 44 மெழுகுவர்த்தி. பெட்டியாகவே கிடைக்கும்.

#17 | கல்வெட்டு

2026-ல் அந்தப் பெட்டியை மட்டும் நம்ப முடியாது. முதல் இரவு டிசம்பர் 4, வெள்ளி. எட்டாம் இரவு டிசம்பர் 11, அதுவும் வெள்ளி. வெள்ளியன்று சபாத் (ஓய்வுநாள்) விளக்குக்கு முன்பே, சூரியன் மறையுமுன் ஹனுக்கா ஏற்றியாக வேண்டும், ஆனாலும் இருட்டி அரை மணி வரை எரிய வேண்டும். குறைந்தது ஒன்றரை மணி நேரம். பெட்டியில் வருவது பெரும்பாலும் அரை மணி நேர வர்த்தி. ஆகவே இரண்டு வெள்ளிக்கும் 2 + 9 = 11 நீண்ட வர்த்தி தனியே வாங்க வேண்டும்.

#18 | ஷமாஷ்

9 போதும். நேரக் கட்டாயம் கட்டளைச் சுடர்களுக்குத்தான், இரண்டு ஷமாஷும் சின்ன வர்த்தியாகவே இருக்கலாம். எண்ணெய்க் கிண்ணமானால் ஒரு கிண்ணத்தை முன்கூட்டியே எரித்து நேரம் பார்த்துக்கொள்வது நல்லது. திரி தடித்தால் எண்ணெய் சீக்கிரம் தீரும். சனி மாலை சபாத் முடிந்தபின்தான் அடுத்தது.